வீட்டுத் தொலைபேசியும் கைப்பேசித் திட்டமும்



விக்கிரவாண்டியில் பழைய வீடுகள் சிலவற்றின் கூடத்தில், சுவரோரமாக, சிறு முக்காலியொன்றின்மேல், பின்னல் துணி போர்த்திய தொலைபேசி இன்றும் வீற்றிருப்பதைக் காணலாம். அதன் மணி ஒலித்துப் பல நாள் ஆகியிருக்கும். ஆயினும் மாதந்தோறும் அதற்குரிய கட்டணம் தவறாமல் செலுத்தப்பட்டு வரும். "இதனை எடுத்துவிட்டுக் கைப்பேசி ஒன்று வாங்கிக்கொண்டால் என்ன?" என்னும் வினா அவ்வீட்டில் என்றேனும் ஒருநாள் எழுகிறது. எழும்பொழுது பெரியவர்கள் விடை கேட்டுத் திரும்பிப் பார்ப்பது யாரை? கல்லூரியில் பயிலும் பேரனை. பள்ளியில் பயிலும் பேத்தியை. ஆதலால் இப்பொருளைப் பற்றி உங்களிடம் பேசுவதே முறை என்று கருதுகிறேன்.

"இஃது ஒரு பெரிய காரியமா? கடைக்குச் சென்றால் பத்து நிமிடத்தில் சிம் அட்டை கிடைத்துவிடுமே" என்று நீங்கள் நினைக்கக்கூடும். கிடைத்துவிடும். ஆனால் நள்ளிரவில் தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து, பாட்டி ஒருத்தியே உடனிருக்கும்பொழுது, அந்தச் சிம் அட்டை 108 என்னும் எண்ணோடு அவளை இணைக்குமா என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு மிக அருகிலேதான் இருக்கிறது. அவ்வளவு அருகில் மருத்துவமனை இருந்தும், குரல் எட்டவில்லையென்றால் என்ன பயன்?

முதலில் அந்தப் பழைய கருவியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். வரலாறு தெரியாமல் ஒரு பொருளை வீட்டைவிட்டு வெளியேற்றுவது நன்றன்று. அலெக்சாந்தர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமை பெற்றது 1876-ஆம் ஆண்டில். ஆறே ஆண்டுகளில், 1882-இல், சென்னை நகரில் தொலைபேசி நிலையம் ஏற்பட்டுவிட்டது. நகரத்துக்கு இவ்வளவு விரைவில் வந்த கருவி கிராமத்துக்கு வந்து சேர நூறாண்டு பிடித்தது என்றாலும் மிகையாகாது. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதிலும் சாதாரண அழைப்பு, அவசர அழைப்பு, மின்னல் அழைப்பு என்று வகுப்புகள் உண்டு; பணம் கூடக் கூடக் காத்திருக்கும் நேரம் குறையும். நேரே எண்ணைச் சுழற்றி வெளியூருடன் பேசும் முறை 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையேதான் நம் நாட்டில் முதன்முதலாக ஏற்பட்டது.

கிராமங்களுக்கு வழி திறந்தது 1984-இல் தோன்றிய சி-டாட் என்னும் ஆராய்ச்சி நிறுவனம். வெளிநாட்டிலிருந்து வந்த தொலைபேசி நிலையங்களுக்குக் குளிரூட்டிய அறை வேண்டும், தூசி ஆகாது. நம் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் அவை எங்கே தாங்கும்? குளிரூட்டும் வசதியின்றியே இயங்கும் 128 இணைப்புகள் கொண்ட சிறு நிலையத்தை நம் பொறியாளர்களே செய்தார்கள். அவற்றுள் முதலாவது 1986-இல் கருநாடகத்துக் கித்தூரில் நிறுவப்பட்டது. அதன் பின்னரே சிற்றூர்களில் தொலைபேசி மணி ஒலிக்கத் தொடங்கியது. மஞ்சள் பலகை தொங்கும் பொதுத் தொலைபேசிக் கடைகள் நெடுஞ்சாலையெங்கும் தோன்றின. பின்னிரவில் கால் பங்குக் கட்டணம் என்பதால் அக்கடைகளின் முன் மக்கள் உறக்கத்தைத் துறந்து வரிசையில் நின்றதை உங்கள் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். திருமண அழைப்பிதழ்களில் பக்கத்து வீட்டு எண்ணை அச்சிட்டு, அருகில் 'பி.பி.' என்று குறித்ததும் அக்காலத்து வழக்கமே. ஒரு தெருவுக்கு ஒரு தொலைபேசி. அதற்கு உரியவர் தெரு முழுமைக்கும் தூதர்!

கைப்பேசி நம் நாட்டுக்கு வந்தது 1995 சூலை 31 அன்று. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் சோதிபாசு, தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்நாளில் ஒரு நிமிடப் பேச்சுக்குப் பதினாறு ரூபாய் வரையில் கட்டணம். போதாதென்று, வரும் அழைப்புக்கும் காசு. 2003 மே முதல் நாளிலிருந்து வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றானது. அன்றுதான் கைப்பேசி எளியோர் கைக்கு வந்தது என்று சொல்வேன். 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கிய பின்னர், பேச்சுக்கு நிமிடக் கணக்கே ஏறத்தாழ மறைந்துபோயிற்று. மறுபுறம், 2006-இல் நாடெங்கும் 4 கோடிக்கு மேலிருந்த கம்பித் தொலைபேசி இணைப்புகள் 2020-இல் ஏறத்தாழ 2 கோடியாகக் குறைந்தன. பின்னர் இணையத்தின் பொருட்டுக் கண்ணாடியிழைவடம் பரவவே, 2024-இல் அவ்வெண்ணிக்கை மீண்டும் 3 கோடியைத் தாண்டியது. ஆனால் அவ்வாறு கூடியது கண்ணாடியிழையின் கணக்கே. பழைய செம்புக் கம்பியின் கணக்கு அன்று. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் பொருள் பின்னால் விளங்கும்.

இனி நம் வினாவுக்கு வருவோம். வீட்டுத் தொலைபேசிக்கும் கைப்பேசிக்கும் உள்ள பெரிய வேற்றுமை கம்பி உண்டா இல்லையா என்பதன்று. வீட்டுத் தொலைபேசி வீட்டுக்கு உரியது. கைப்பேசி ஆளுக்கு உரியது. கூடத்தில் மணி ஒலித்தால் அருகிலிருப்பவர் எடுப்பார். யாருக்கு வந்த அழைப்போ அவரைக் கூப்பிடுவார். பாட்டிக்கு அதில் பேரனுக்குள்ள உரிமை அவ்வளவும் உண்டு. அதனை எடுத்துவிட்டு மகன் சட்டைப் பையில் ஒரு கைப்பேசி இருக்கிறது என்றால், மகன் திண்டிவனத்துக்கு வேலைக்குச் சென்ற பகற்பொழுதில் அவ்வீட்டில் தொலைபேசியே இல்லை என்று பொருள். கட்டணம் மிச்சமாயிற்று என்று மகிழ்ந்த குடும்பத்தில், முதியவர் ஒருவர் ஓசையில்லாமல் ஊமையாக்கப்பட்டார். இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எனவே வீட்டுத் தொலைபேசிக்கு மாற்றாக வாங்கும் சிம் அட்டை, வீட்டிலேயே தங்கும் ஒரு கருவியில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிம் அட்டை செருகிக்கொள்ளும் மேசைத் தொலைபேசிகள் விற்பனையில் உள்ளன. தோற்றத்தில் பழைய கருவியைப் போன்றவையே. பெரிய பொத்தான்கள், உரத்த மணி. அல்லது ஒரு பொத்தான் கைப்பேசியை அந்த முக்காலியின் மேலேயே, மின்னேற்றும் கம்பியோடு வைத்துவிடலாம். அங்கிருந்து அதனை யாரும் எடுத்துச் செல்லக்கூடாது என்பது வீட்டுச் சட்டமாகட்டும்.

கருவி வாங்கும்பொழுது ஒன்றைக் கேட்டறிய வேண்டும். ஜியோ நிறுவனத்துக்கு இரண்டாம் தலைமுறை அலைவரிசை இல்லை. நான்காம் தலைமுறையின் வழியாகவே அதில் பேச்சுச் செல்லும். ஆகவே இரண்டாம் தலைமுறைக்கு மட்டும் செய்யப்பட்ட பழைய பொத்தான் கைப்பேசியோ மேசைத் தொலைபேசியோ அதில் இயங்காது. விலை குறைவென்று கருவியை முதலில் வாங்கிவிட்டுப் பின்பு நிறுவனத்தைத் தேடினால், தலையணைக்கு ஏற்பத் தலையைத் தேடியது போலாகும்.

எந்த நிறுவனம் என்பதே அடுத்த கேள்வி. விளம்பரத்தைக் கொண்டு இதற்கு விடை காண முடியாது. அண்டை வீட்டார் சொல்லைக் கொண்டும் முடியாது. ஏன் என்று சொல்கிறேன். கைப்பேசிக் கோபுரம் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள ஒரு சிறு வட்டத்துக்கே பணி செய்கிறது. அவ்வட்டத்தைக் 'கண்ணறை' என்பார்கள். ஆங்கிலத்தில் 'செல்' என்னும் சொல்லுக்கு அதுவே பொருள். கோபுரத்திலிருந்து வரும் அலை சுவரைத் துளைத்து வர வேண்டும். 700, 800, 900 மெகாஹெர்ட்சு போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2300, 3500 போன்ற உயர்ந்த அலைவரிசைகள் மிகுதியான செய்தியைச் சுமக்கும். ஆனால் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். நெடுஞ்சாலையும் சுங்கச்சாவடியும் இருக்கும் பக்கம் கோபுரங்கள் நெருங்கியிருக்கலாம். உள்ளே வராகநதிக் கரையை ஒட்டிய சிற்றூரில் நிலைமை வேறாக இருக்கும். தெருவில் நின்றால் நன்கு பேச முடிகிற நிறுவனம், தளம் போட்ட வீட்டின் உள்ளறையில் பேசாமற் போகலாம்.

ஆகவே சோதனை செய்யுங்கள். உங்கள் நண்பர்களில் ஒருவர் ஒரு நிறுவனத்தையும் மற்றொருவர் வேறொரு நிறுவனத்தையும் வைத்திருப்பார்கள். அவர்களை வீட்டுக்கு அழையுங்கள். முக்காலி இருக்கும் கூடம், தாத்தாவின் கட்டில், சமையலறை, தோட்டம் ஆகிய இடங்களில் ஒவ்வொரு கைப்பேசியையும் வைத்து அழைத்துப் பாருங்கள். பகலில் ஒருமுறையும், எல்லாரும் பேசுகின்ற இரவு எட்டு மணிக்கு ஒருமுறையும் பாருங்கள். திரையில் தோன்றும் கோடுகளை நம்ப வேண்டா. அவை ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு விதமாகக் காட்டப்படுவன. பல கைப்பேசிகளில் அமைப்புப் பகுதிக்குள் சென்றால் அலையின் வலிமை எண்ணாகக் கிடைக்கும். அவ்வெண் குறை எண்ணாக இருக்கும். −80 என்றால் நன்று. −110 என்றால் நலிவு. குறை எண்களில் எது பெரிது எது சிறிது என்று ஆறாம் வகுப்பில் மனம் சலித்துப் படித்தீர்களே, அது இங்கே பயன்படுகிறது. கல்லூரி மாணவர்களுக்கு இன்னும் ஒரு செய்தி: இவ்வளவை மடக்கை முறையில் அமைந்தது. பத்துப் படி இறங்கினால் வலிமை பத்தில் ஒரு பங்காகும். −80-க்கும் −110-க்கும் இடையே மும்முறை பத்து. ஆயிரம் மடங்கு வேறுபாடு! பக்கத்து அறைக்குச் சென்றால் பேச்சு அறுந்துபோவதன் காரணம் இப்பொழுது புலப்படும்.

பாரத் சஞ்சார் நிகம் என்னும் அரசு நிறுவனத்தையும் இச்சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 27 அன்று அது உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட நான்காம் தலைமுறை அமைப்பை நாடெங்கும் தொடங்கியது. 1986-இல் கித்தூர் நிலையத்தைச் செய்த அதே சி-டாட் நிறுவனத்துக்கு இதிலும் பெரும் பங்கு உண்டு. ஒரு நிறுவனம் பழையது என்பதாலோ புதியது என்பதாலோ கூடத்தில் அலை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இப்பொழுது கட்டணக் கணக்குக்கு வருகிறேன். கணக்கு என்றவுடன் வானொலியின் திருகைத் திருப்பிவிடாதீர்கள். எளிய கணக்குத்தான்.

பல திட்டங்கள் 28 நாள்களுக்கு உரியவை. மாதம் ஒரு முறை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஆண்டின் 365 நாள்களை 28-ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு 13, மீதி 1. ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையன்று, பதின்மூன்று முறை பணம் கட்ட வேண்டும்! ஒருமுறைக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2,400 என்று மனத்தில் இருந்த கணக்கு 2,600 ஆகிறது. இக்குறை பலரால் எடுத்துக் காட்டப்பட்டமையால், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 சனவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும் என்பது அவ்வாணை. அவை பட்டியலின் அடியில் எங்கேனும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. கூடத்து முக்காலியில் இருக்கப்போகும் கருவிக்கு இணையம் எதற்கு? பேசவும் கேட்கவும் மட்டுமே அது வேண்டும். ஆனால் நெடுங்காலம் நிறுவனங்கள் பேச்சோடு இணையத்தையும் சேர்த்தே விற்று வந்தன. வெற்றிலை வாங்கப் போனவன் தலையில் வாழைக் குலையையும் கட்டியது போன்ற வாணிகம் அது. 2024 டிசம்பர் 23 அன்று அதே ஆணையம் தன் விதிகளைத் திருத்தியது. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்றும், முன்பு 90 நாள்களுக்கு மேற்படாதிருந்த சிறப்புத் திட்டங்களின் காலத்தை 365 நாள் வரை நீட்டலாம் என்றும் அதில் கூறப்பட்டது. முதியோர்க்கும், வீட்டில் தனியே இணைய இணைப்பு உடையவர்க்கும் இது பெரிய உதவி.

அதன்படி 2025 சனவரியில் வெளிவந்த விலைகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம். இவை அந்நாளைய விலைகள். நீங்கள் வாங்கும்பொழுது மாறியிருக்கும். எந்த நிறுவனத்தையும் வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ நான் சொல்லவில்லை. கணக்கிடும் வழியை மட்டும் காட்டுகிறேன். ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய் என்றும், 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்றும் இரு திட்டங்களை அறிவித்தது. ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய் என்றும், 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்றும் அறிவித்தது. 1,748 என்பது 1,849-ஐவிடக் குறைவுதானே என்று எண்ணிவிடுவோம். நாட்களால் வகுத்துப் பாருங்கள். முன்னது ஒரு நாளைக்கு 5 ரூபாய் 20 காசு; பின்னது 5 ரூபாய் 7 காசு. குறைந்த விலையுள்ளதாகத் தோன்றியது உண்மையில் சற்றுக் கூடுதல்! 336 என்பது நான்கு எண்பத்து நான்கு; ஆண்டு நிறைவதற்கு இன்னும் 29 நாள் எஞ்சி நிற்கிறது. அந்த எச்சத்துக்கு மீண்டும் பணம் கட்ட வேண்டும். 84 நாள் திட்டங்களை எடுத்துக்கொண்டால், 448 ரூபாய்த் திட்டம் நாளைக்கு 5 ரூபாய் 33 காசு. 469 ரூபாய்த் திட்டம் 5 ரூபாய் 58 காசு. ஆக, திட்டத்தின் விலையைப் பார்க்காதீர்கள். நாள் விலையைப் பாருங்கள்.

ஆயினும் இதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆண்டுத் திட்டம் மலிவு என்று புத்தகக் கணக்கு சொல்கிறது. ஆனால் 1,849 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க எல்லாராலும் இயலுமா? தமிழக அரசு தரும் முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதனை நம்பி வாழும் ஒரு மூதாட்டிக்கு ஆண்டுத் திட்டம் என்பது ஒன்றரை மாத உணவு. அவர் சிறு சிறு தொகையாகக் கட்டி, ஆண்டு முடிவில் வசதியுள்ளவரைவிட மிகுதியாகச் செலுத்துகிறார். இல்லாதவன் கூடுதல் விலை கொடுக்கிறான் என்னும் இந்த முரண்பாடு கைப்பேசியில் மட்டுமா? அரிசியிலும் எண்ணெயிலும் அதே கதைதான். அத்தகைய வீட்டில், வெளியூரில் பணிபுரியும் பிள்ளை ஆண்டுக்கொருமுறை கட்டிவிடுவதே தக்க வழி. பின்கட்டணத் திட்டத்தை, அதாவது 'போஸ்ட்பெய்டு' என்பதை, இத்தகைய வீட்டுக் கருவிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அதில் அறிவிக்கும் விலைக்குமேல் 18 விழுக்காடு வரியும் பட்டியலில் சேர்ந்து வரும். முன்கட்டணத் திட்டத்தில் சொல்லும் விலைக்குள்ளேயே வரி அடங்கியிருக்கிறது. ஆனால் முன்கட்டணத்தில் ஓர் இடர் உண்டு: நாள் முடிந்தவுடன் பேச முடியாது போகும். கம்பித் தொலைபேசியில் கட்டணம் கட்ட மறந்தால் சிலநாள் பொறுப்பார்கள். இதில் நள்ளிரவோடு முடிந்துவிடும். முடியும் நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைப்பது உங்கள் கடமை, பாட்டியினுடையது அன்று.

மாணவர்களே, இதுவரை சொன்னவை நல்ல நாளுக்கு உரியவை. இனிப் புயல் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. கடந்த பின்னும் நகராமல் நின்று பெய்தது. மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வராகநதி பெருகி, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள இருப்புப்பாதைப் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டவே, டிசம்பர் 2 அன்று சென்னைக்கும் தென்மாவட்டங்களுக்கும் இடையே இரயில்கள் நிறுத்தப்பட்டன. அரசூர்ப் பக்கம் தென்பெண்ணை நெடுஞ்சாலையை மூழ்கடித்தது. மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரம் இல்லை. இத்தகைய நேரத்தில்தான் தொலைபேசி உயிர் காக்கும் கருவியாகிறது.

பழைய செம்புக் கம்பித் தொலைபேசியின் சிறப்பு இங்கே வெளிப்படுகிறது. அதற்கு வேண்டிய மின்சாரம் நம் வீட்டிலிருந்து வருவதன்று. தொலைபேசி நிலையத்திலுள்ள 48 வோல்ட் மின்கலத் தொகுதியிலிருந்து, பேச்சு வரும் அதே இரு கம்பிகளின் வழியே வருகிறது. வீடு இருண்டிருந்தாலும் கருவி உயிரோடிருக்கும். கையில் எடுத்து நடக்கும் கம்பியில்லாக் கருவியை இணைத்திருந்தால் மட்டும் இப்பயன் இல்லை. அது வீட்டு மின்சாரத்தை உண்பது. கைப்பேசிக் கோபுரத்துக்கும் மின்கலம் உண்டு. ஆனால் அது சில மணி நேரத்துக்குத்தான். பிறகு டீசல் இயந்திரம் ஓட வேண்டும்; வெள்ளத்தில் சாலை அறுந்திருந்தால் டீசலை யார் கொண்டு வருவார்? கோபுரம் ஒன்று அணைந்தால் அதனைச் சார்ந்த ஊர் முழுதும் ஒரே நொடியில் வாயடைந்துபோகும்.

"அப்படியானால் பழைய கம்பியையே வைத்துக்கொள்ளலாமே" என்பீர்கள். வைத்துக்கொள்ள முடிந்தால் நன்று. ஆனால் கம்பிக்கும் பகை பல. மண்ணுக்குள் புதைந்த வடத்தில் நீர் புகுந்தால் இரைச்சல். சாலையை அகலமாக்கத் தோண்டினால் அறுப்பு. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் 165 கிலோமீட்டர் நான்குவழிச் சாலைப் பணி எத்தனை ஆண்டுகளாக நடந்தது என்பதை நம் பகுதியார் அறிவர். மேலும், இப்பொழுது புதிதாகத் தருவது கண்ணாடியிழை இணைப்பே. கண்ணாடி ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆகையால் அதன் முனையில் உள்ள பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். எண்ணும் மணியும் பழையனவாகவே இருக்க, உள்ளிருக்கும் உயிர்நிலை மாறிவிட்டது. கண்ணாடியிழைத் தொலைபேசி உடையவர்கள் அப்பெட்டிக்கென்று சிறு மின்கலம் ஒன்று வாங்கி வைக்காவிட்டால், புயலன்று அது அலங்காரப் பொருளே.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் பழைய தொலைபேசி அமைப்பை 2025 டிசம்பரில் நிறுத்துவதென்று முடிவு செய்திருந்தனர். ஆனால் தனித்து வாழும் முதியோர் பலர் கழுத்தில் அணிந்திருக்கும் அபாய மணிப் பொத்தான் அந்த அமைப்பையே நம்பியிருந்தது. ஆகவே 2024-இல் அக்கெடுவை 2027 சனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வேண்டுவோர்க்கெல்லாம் கம்பித் தொலைபேசி தர வேண்டும் என்னும் கடமையிலிருந்து தன்னை விடுவிக்குமாறு ஏ.டி. அண்டு டி. நிறுவனம் கேட்டது. காட்டுத்தீயும் மின்தடையும் மிகுந்த மலைப்பகுதி மக்கள் எதிர்த்தனர். 2024 சூனில் அம்மாநில ஆணையம் அவ்வேண்டுகோளை மறுத்துவிட்டது. செல்வம் மிக்க நாடுகளே இதில் தயங்கித் தயங்கி அடியெடுத்து வைக்கின்றன.

நம் வீட்டுக்கு நான் சொல்லும் வழி இது: முக்காலியில் இருக்கும் கருவி ஒரு நிறுவனத்தினதாகவும், வீட்டிலுள்ள மற்றொரு கைப்பேசி வேறு நிறுவனத்தினதாகவும் இருக்கட்டும். எல்லாரும் ஒரே நிறுவனத்தில் சேர்ந்தால் ஒரு கோபுரம் வீழ்ந்தபோது எல்லாரும் சேர்ந்தே ஊமையாவோம். மழைக்காலத்துக்கு முன் மின்னேற்றி வைக்கும் சிறு மின்கலப் பெட்டி ஒன்று வேண்டும். பொத்தான் கைப்பேசியாயின் ஒருமுறை மின்னேற்றினால் பல நாள் தாங்கும். அகன்ற திரையுள்ள கைப்பேசி மாலைக்குள் தளர்ந்துவிடும். தன் நிறுவனத்தின் அலை இல்லாதபோதும், அருகில் வேறு நிறுவனத்தின் அலை இருந்தால் 112 என்னும் அவசர எண்ணுக்கு அதன் வழியே அழைப்புச் செல்லும் வகையில் கைப்பேசிகள் அமைக்கப்பட்டுள்ளன. 'அவசர அழைப்பு மட்டும்' என்று திரையில் தோன்றினால் இனிப் பயனில்லை என்று கீழே வைத்துவிடாமல் 112-ஐ அழுத்தச் சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று: கம்பித் தொலைபேசி இருக்கும் வீட்டின் முகவரி நிலையத்தில் பதிவாகியிருக்கும். கைப்பேசியோ இருக்குமிடத்தை ஏறத்தாழவே காட்டும். ஆகவே வீட்டு முகவரியையும், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளியின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிக் கருவியின் அருகில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்தத் தெருவின் பெயரே மறந்துபோவது உண்டு.

எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கைப்பேசி நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்பொழுது பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும் வசதி 2011 சனவரி 20 முதல் நாடெங்கும் உண்டு. 1900 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் குறியெண் ஒன்று வரும்; அதனைக் கொண்டு புதிய நிறுவனத்தில் சேரலாம். சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். ஆனால் கம்பித் தொலைபேசியின் எண்ணைக் கைப்பேசிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி நம் நாட்டில் இல்லை. 04146 என்று தொடங்கி முப்பது ஆண்டுகளாக உறவினர் நாவில் வழங்கிய எண், ஒப்படைக்கும் நாளோடு நம்மை விட்டுப் போய்விடும். சிலருக்கு அது வெறும் எண்ணன்று. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகன் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரே எண் அதுவாகவே இருக்கக்கூடும்.

புதிய சிம் அட்டையைப் பாட்டியின் பெயரிலேயே, அவருடைய அடையாளச் சான்றைக் கொண்டே வாங்குங்கள். வங்கியும் உணவுப்பங்கீட்டு அட்டையும் அனுப்பும் ஒருமுறைக் கடவெண் இனி அதற்கே வரும். கூடத்துக் கம்பிக் கருவிக்கு அது வந்ததில்லை. வசதியோடு இடரும் வருகிறது. "நான் காவல்துறை அதிகாரி பேசுகிறேன், உங்களைக் கைப்பேசியிலேயே கைது செய்திருக்கிறேன்" என்று அச்சுறுத்திப் பணம் பறிக்கும் கூட்டம் இருக்கிறது. அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. கடவெண்ணை எவர் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதையும், பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930 என்பதையும், முகவரி எழுதிய அதே தாளில் எழுதி வையுங்கள்.

பழைய இணைப்பை உடனே ஒப்படைக்க வேண்டா. ஒரு மாதம் இரண்டும் சேர்ந்து இருக்கட்டும். அந்த மாதத்தில் பழைய எண்ணுக்கு வரும் ஒவ்வோர் அழைப்பையும் ஒரு தாளில் குறித்து, அவரவருக்குப் புதிய எண்ணைச் சொல்லுங்கள். யாரும் அழைக்காத தொலைபேசி என்று நாம் நினைத்திருந்ததற்கு யார் யார் அழைக்கிறார்கள் என்பது அப்பொழுது தெரியவரும். எரிவளி முகவர், வங்கி, மருத்துவமனை, ஓய்வூதிய அலுவலகம் ஆகியவற்றுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஒப்படைக்கும்பொழுது விண்ணப்பத்தின் படியில் தேதியிட்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கருவியைத் திருப்பித் தந்ததற்கு இரசீதும், கடைசிக் கட்டணம் செலுத்தியதற்கு இரசீதும் தனித்தனியே வேண்டும். இணைப்புப் பெற்ற நாளில் தாத்தா கட்டிய வைப்புத் தொகை இன்னும் அங்கேயே இருக்கிறது. பெட்டியின் அடியில் கிடக்கும் அந்தப் பழைய பற்றுச்சீட்டைத் தேடி எடுத்து, விண்ணப்பத்தோடு இணைத்து, அத்தொகையையும் கேட்டுப் பெறுங்கள்.